ஹோப் காலேஜ் ஸ்டாப்பும் ஜி.டி.நாயுடுவும்

போன மாசம் சென்னைல இருந்து ஃப்ரெண்ட் ஒருத்தன் வந்திருந்தான். கோயமுத்தூர் அவினாசி ரோட்டுல பஸ்ஸ விட்டு எறங்கி போன் பண்ணி, "ஹோப் காலேஜ்ல எறங்கிட்டேன்டா, காலேஜ் கேட் முன்னாடி வந்து நிக்கறேன், எந்தப் பக்கம் நடக்கணும்?"னு கேட்டான். அந்தப் பேர்ல இப்ப காலேஜே இல்லடா, அது ஸ்டாப் பேரு, நின்ன எடத்துலயே நில்லு நான் வர்றேன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்தேன். வர்ற வழில "அப்ப எதுக்குடா அந்தப் பேரு?"ன்னான். பதில் சொல்ல ஆரம்பிச்சேன், வீடு வந்து, சாப்ட்டு, மொட்டமாடில பாய விரிச்சுப் படுத்ததுக்கப்புறமும் சொல்லிட்டே இருந்தேன், அவன் ஊருக்குப் போயி ரெண்டு வாரம் ஆச்சு இன்னும் சொல்ல வேண்டியது மனசுக்குள்ள ஓடிட்டே இருக்கு. அதான் எழுதிரலாம்னு உக்காந்துட்டேன்.

பதில் ஒரு ஆளோட பேருதான். ஜி.டி.நாயுடு. கோயமுத்தூர்ல பொறந்தவங்களுக்கு இந்தப் பேரு புதுசில்ல, இப்ப அந்த ரோட்டு மேலயே உப்பிலிபாளையத்துல இருந்து கோல்ட்வின்ஸ் வரைக்கும் 10 கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டி 2025 அக்டோபர்ல தொறந்து அவர் பேரத்தான் வெச்சிருக்காங்க. தெனமும் ஆயிரக்கணக்கான வண்டி அந்தப் பேருப் பலகையத் தாண்டிப் போகுது. ஆனா அந்த மனுசன் என்ன பண்ணாருன்னு கேட்டா நெறையப் பேரு "சைன்டிஸ்ட்டு, இந்தியாவோட எடிசன்"னு ஒரு வரில முடிச்சர்றாங்க. எனக்கு அந்த எடிசன் பட்டம் புடிக்கறதே இல்லங்க. அவர் செஞ்சதுக்கு இன்னொருத்தர் பேரு எதுக்கு?

முதல்ல எங்கப்பாவப் பத்தி ஒரு வார்த்த சொல்லிர்றேன், ஏன்னா நாயுடுவ நான் தெரிஞ்சுக்கிட்டது அவர் வழியா. அப்பா மோட்டார் ரீவைண்டிங் பண்றவரு, எங்க பாஷைல சொன்னா காயில் கட்டறவரு, அதாவது கருகிப்போன மோட்டாருக்குள்ள இருக்கற கம்பிச் சுருள எடுத்துட்டுப் புதுசா சுத்தித் தர்றவரு. கெணத்து மோட்டார் பொகஞ்சு போயி வரும், மூணு ஃபேஸ்ல ஒண்ணு போயிட்டாலும் மோட்டார் மொனகிக்கிட்டே ஓடப் பாக்கும், சூடேறி உள்ள கம்பி மேல இருக்கற எனாமல் பூச்சு கருகிரும், கடைக்குள்ள கொண்டாந்து எறக்குன ஒடனே அந்தக் கருகின வாசம் மூக்குல ஏறும். புதுசா வர்ற பசங்க உளியும் சுத்தியலும் எடுத்துட்டுப் பழைய காயில வெட்டப் போவாங்க. அப்பா வெட்ட விடமாட்டாரு. முதல்ல எண்ணணும். எத்தன ஸ்லாட், அதாவது கம்பி உக்கார்ற பள்ளம், ஒரு காயிலுக்கு எத்தன சுத்து, கம்பி என்ன கேஜ், என்ன தடிமன், எந்த ஸ்லாட்டுல எறங்கி எந்த ஸ்லாட்டுல ஏறுது, எல்லாம் ஒரு நீளக் கணக்கு நோட்டுல எழுதுனதுக்கப்புறம்தான் வெட்டணும். வெட்டிட்டீன்னா அந்த மோட்டார செஞ்சவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாமயே போயிரும்பாரு. அந்த மாதிரி நோட்டு எங்க கடைல பதினாலு இருக்கு, எல்லாத்துலயும் வார்னிஷ் கற.

நான் ஆறாவது படிக்கறப்ப அவினாசி ரோட்டுல இருக்கற ஜி.டி.நாயுடு தொழிற்காட்சிக்கு அப்பா என்னக் கூட்டிட்டுப் போனாரு. அங்க வெச்சுத்தான் அந்த மோட்டார்சைக்கிள் கதைய சொன்னாரு, அதுக்கப்புறம் அத எத்தனையோ பேரு சொல்லி எத்தனையோ விதமாக் கேட்டுட்டேன்.

1893 மார்ச் 23, சூலூர் பக்கத்துல கலங்கல்ங்கற ஊர்ல பொறந்தாரு, விவசாயக் குடும்பம். படிப்பு ஏறல. வாத்தியார் கண்ணுல மண்ண வாரிப் போட்டுட்டு ஓடிட்டாருன்னு ஊர்ல சொல்லுவாங்க. அப்புறம் காட்டு வேலதான். ஒரு நாள் ஒரு வெள்ளக்கார அதிகாரி மோட்டார்சைக்கிள்ல அந்தப் பக்கம் வர்றாரு, இங்கிலாந்துல செஞ்ச ரட்ஜ் வண்டி, 1912 மாடல். மாடும் இல்ல, குதிரையும் இல்ல, ரெண்டு சக்கரம் தானா ஓடி வருது. அந்தக் காலத்துல அதப் பாத்த சனம் எல்லாம் வாயப் பொளந்திருக்கும், வீட்டுக்குப் போயி நாலு நாள் பேசிருக்கும், அப்புறம் மறந்திருக்கும். இந்தப் பையன் மறக்கல. வீட்ட விட்டுக் கெளம்பி கோயமுத்தூருக்கு வந்து ஒரு ஓட்டல்ல சர்வர் வேலைக்குச் சேந்துட்டாரு, எதுக்குன்னா அந்த வண்டிய வாங்கறதுக்குக் காசு சேக்க. எல போட்டு, தண்ணி வெச்சு, டம்ளர் எடுத்து, சம்பளத்தக் கொஞ்சம் கொஞ்சமா சேத்து வெச்சு கடைசில அதே வண்டிய வாங்கிட்டாரு.

வாங்குனவரு என்ன பண்ணிருக்கணும்? ஏறி ஊர் சுத்திருக்கணும். அவரு ஒவ்வொரு நட்டாக் கழட்டி மொத்த வண்டியயும் பிரிச்சுப் போட்டுட்டாரு. எது எதுக்குன்னு பாத்து மறுபடியும் மாட்டுனாரு. இதச் சொல்றப்ப எங்கப்பா கொரல் மாறிரும். வருசக்கணக்கா எச்சித் தட்டு எடுத்து சேத்த காசுல வாங்குன வண்டிங்க அது. திரும்ப மாட்ட முடியலன்னா அவ்வளவும் போச்சு, கத்துக்குடுக்க ஆளில்ல, புஸ்தகம் இல்ல, ஸ்பேர் கெடைக்கற கடை இல்ல. அந்த மொத நட்டக் கழட்டறதுக்கு ஒரு தைரியம் வேணும் பாருங்க, அவர் அதுக்கப்புறம் செஞ்ச அத்தனைலயும் அந்தத் தைரியத்தத்தான் நான் பாக்கறேன்.

நடுவுல பஞ்சு வியாபாரம் பண்ணி நல்லா சம்பாரிச்சு, பம்பாய் போயி அதே வியாபாரத்துல எல்லாத்தயும் விட்டுட்டுத் திரும்பி வந்த கதையும் இருக்கு. அத நீட்ட வேண்டாம், தொழில் பண்றவங்க வீட்ல எல்லாம் ஒரு பம்பாய் இருக்கும்.

1920-ல பஸ். கோயமுத்தூர்ல மில்லு நடத்துன வெள்ளக்காரரு ஸ்டேன்ஸ் துரையோட ஒத்தாசைல தவணைக்கு ஒரே ஒரு பஸ்ஸ வாங்கி பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல விட்டாரு, மொதலாளியும் அவரே டிரைவரும் அவரே. அந்த ரூட்ட எடுத்தது சரியான கணக்குன்னு எனக்குத் தோணும், ஒரு பக்கம் பொள்ளாச்சி சந்த, இன்னொரு பக்கம் முருகன், சனம் எந்தக் காலத்துலயும் கொறையாது. அந்த ஒத்த பஸ்ல இருந்து வளந்ததுதான் யூ.எம்.எஸ், யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ். எங்க அப்பிச்சி, அதாவது அம்மாவோட அப்பா, அந்த பஸ்ல பழனி போனத சாகற வரைக்கும் சொல்லிட்டு இருந்தாரு. அவர் சொன்னதுல சாமி பாத்தது பாதி, பஸ்ஸு பாதி. "நேரத்துக்கு வந்துச்சு கண்ணு, நேரத்துக்கு எடுத்தாங்க"ம்பாரு. சூரியனப் பாத்து நேரம் சொன்ன ஆளுங்களுக்கு ஒரு வண்டி மணி பாத்து வர்றதே பெரிய அதிசயமா இருந்திருக்கும். ஒரு பஸ்ல ஆரம்பிச்சவரு கொஞ்ச வருசத்துல நாட்டுலயே நல்லா நடத்தற பஸ் கம்பெனிகள்ல ஒண்ணுன்னு பேரு வாங்கிட்டாரு.

வேற யாராவது இருந்தா அதோட உக்காந்திருப்பாங்க, பஸ் மொதலாளின்னா அன்னைக்குச் சும்மாவா. இவரு கேமராவத் தூக்கிட்டுக் கப்பல் ஏறிட்டாரு. ஐரோப்பா முழுக்க சுத்துனாரு. லண்டன்ல அஞ்சாம் ஜார்ஜ் மன்னர் 1936 ஜனவரில எறந்தப்ப, கலங்கல்ல பள்ளிக்கூடத்த விட்டு ஓடுன ஆளு அந்த இறுதி ஊர்வலத்தக் கையில மூவி கேமரா வெச்சுப் படம் புடிச்சாரு. காந்தி, நேரு, சுபாஷ் சந்திர போஸ்னு இங்கயும் படம் எடுத்திருக்காரு. ஜெர்மனில ஹிட்லரச் சந்திச்சதயும் சில பேரு பெருமையா சொல்லுவாங்க, எனக்கு அதுல ஒரு பெருமையும் இல்ல, அந்த ஆள் பண்ணது என்னன்னு ஒலகத்துக்கே தெரியும். ஆனா ஜெர்மனிக்காரங்களோட பட்டறைல இவர் கத்துக்கிட்டது வேற விசயம். ரேஸன்ட்னு ஒரு ஷேவிங் மெஷின் இவர் கண்டுபுடிச்சதுதான், உள்ள பேட்டரில ஓடற குட்டி மோட்டார், அந்த மோட்டார் ஜெர்மனில செஞ்சது. இன்னைக்கு எல்லா வீட்டு பாத்ரூம்லயும் ட்ரிம்மர் கெடக்கறதால இது பெருசாத் தெரியாது. ஊரு முழுக்க நாவிதர் கத்தி மட்டுமே இருந்த காலத்துல, கரண்ட்டே வராத கிராமத்துல கூட பேட்டரி போட்டு சவரம் பண்ணிக்கலாம்னு ஒருத்தரு யோசிச்சிருக்காரு.

அப்புறம் மோட்டார். இதச் சொல்லாம எங்க வீட்ல நான் சாப்பாட்டுல கை வெக்க முடியாது.

எங்க பக்கம் மழ கம்மி, கெணறு ஆழம். கெணத்துல இருந்து தண்ணி எடுக்க கவலை ஓட்டுவாங்க, ரெண்டு மாடு சரிவுல எறங்கும், தோல் சால் மேல வரும், மறுபடி பின்னால நடக்கும். எங்க அப்பிச்சி சின்ன வயசுல விடியக்காலம் எந்திரிச்சு வெயில் ஏறற வரைக்கும் கவலை ஓட்டுனவரு. 1930-கள்ல நீலகிரி பைக்காராவுல இருந்து கரண்ட் எறங்கி வந்துச்சு. மில்லுங்க பெருகுச்சு. கரண்ட் வந்துருச்சு, கெணறு இருக்கு, நடுவுல மோட்டார் வேணும், அது சீமைல இருந்து வரணும். அப்பதான் பீளமேட்டுல நாயுடுவோட நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ்ல டி.பாலசுந்தரம் நாயுடுவோட கை வேலைல 1937-ல ஒரு மோட்டார் செஞ்சு வெளிய கொண்டாந்தாங்க. இந்தியாவுலயே செஞ்ச மொத எலக்ட்ரிக் மோட்டார்னு அதத்தான் சொல்லுவாங்க. பாலசுந்தரம் அப்புறம் தனியா டெக்ஸ்டூல்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாரு, அதுல இருந்து வந்தவங்க வேற வேற பட்டற போட்டாங்க, அந்தப் பட்டறைல இருந்து இன்னும் பத்துப் பட்டற. எங்கப்பாவுக்குக் காயில் கட்டக் கத்துக்குடுத்தவரு பீளமேட்டுல ஒரு சின்னப் பட்டறைல கத்துக்கிட்டவரு, அவருக்குச் சொல்லிக்குடுத்தவரு யாருன்னு போயிட்டே இருந்தா எங்கயோ ஒரு எடத்துல அந்த 1937-ல போயி நிக்கும்னு அப்பா சொல்லுவாரு. காகிதத்துல ஆதாரம் கேட்டா எங்ககிட்ட இல்ல. கையிலதான் இருக்கு.

மனுசன் ஒரு வேலையில நிக்க மாட்டாரு. ரேடியேட்டர், கடிகாரம், டீசல் பம்ப் சாமான், ஆர்மேச்சர் வைண்டிங், ரேடியோன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கம்பெனி. மெலிசான ஷேவிங் பிளேடு, ஜூஸ் புழியற மெஷின், மண்ணெண்ணெய்ல ஓடற ஃபேன், மோசடி பண்ண முடியாத ஓட்டுப் பதிவு மெஷின். இந்த ஓட்டு மெஷின்ல நான் எப்பவும் ஒரு நிமிசம் நிப்பேன். அவரே எலக்சன்ல நின்னு தோத்தவரு.

1941-ல அஞ்சு வால்வு ரேடியோவ எழுபது ரூபாய்க்குச் செஞ்சு தர முடியும்னு சொன்னாரு. ரேடியோ பணக்காரங்க வீட்டு ஹால்ல துணி போட்டு மூடி வெச்சிருந்த பொருளா இருந்த காலம் அது. 1952-ல ரெண்டு பேரு போற பெட்ரோல் கார், ரெண்டாயிரம் ரூபா. ஆமா, ரெண்டாயிரம். கவர்மென்ட் லைசென்ஸ் குடுக்கல, நின்னு போச்சு. 1951-ல தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் வந்துருச்சு, அதுக்கப்புறம் பெரிய தொழில் எது ஆரம்பிக்கறதுன்னாலும் டில்லில பேப்பர் நகரணும். இதுல ரெண்டு பக்க நியாயமும் பேசறவங்க இருக்காங்க, நாட்டுல இருந்த கொஞ்சம் இரும்பையும் டாலரையும் பாத்துச் செலவு பண்ண வேண்டிய நெலமதான்னு எனக்கும் புரியுது. இருந்தாலும் ஆத்துப்போகலங்க. சின்னக் காரு எல்லாரும் வாங்கற மாதிரி ஒண்ணு அதுக்கப்புறம் முப்பது வருசம் கழிச்சுத்தான நம்ம ரோட்டுக்கு வந்துச்சு. அந்த முப்பது வருசத்துல கோயமுத்தூர்ல எத்தன கைக்கு வேல கெடச்சிருக்கும்.

காடு தோட்டத்தயும் விடல. பருத்தி, மக்காச்சோளம், பப்பாளின்னு புதுப்புது ரகம் எடுத்தாரு, சர் சி.வி.ராமன் வந்து தோட்டத்தப் பாத்துருக்காரு. ராமன் இவரப் பத்திச் சொன்னது, பத்து லட்சத்துல ஒருத்தருன்னு, அதுகூட கொறச்சுச் சொல்றதாத்தான் இருக்கும்னு. காலைல ஆறு மணிக்கு அஸ்திவாரம் தோண்டி சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒரு வீட்டக் கட்டி முடிச்சாருன்னும் சொல்லுவாங்க.

இப்ப என் ஃப்ரெண்ட் கேட்ட கேள்விக்கு வர்றேன். 1944-ல தன்னோட பஸ் தொழில்ல இருந்து விலகிக்கறேன்னு சொல்லிட்டாரு, ஆராய்ச்சி பண்றவங்களுக்கு உதவித்தொகை, தொழிலாளிங்களுக்கு நலத்திட்டம்னு பணத்த ஒதுக்குனாரு. 1945-ல அவரோட முயற்சியிலயும் நன்கொடையிலயும் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு இன்ஜினியரிங் காலேஜும் வந்துச்சு. அப்ப மெட்ராஸ் கவர்னரா இருந்தவரு சர் ஆர்தர் ஹோப், அவர் பேரத்தான் காலேஜுக்கு வெச்சாங்க. ஸ்டாப்புக்குப் பேரு வந்தது அப்படித்தான். காலேஜ் பின்னாடி தடாகம் ரோட்டுக்குப் போயிருச்சு, இன்னைக்கு எல்லாரும் ஜி.சி.டின்னு சொல்ற அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுதான். காலேஜ் போயிருச்சு, பேரு மட்டும் ரோட்டோரத்துல நின்னுருச்சு, கண்டக்டருங்க எண்பது வருசமா அதக் கூவிட்டு இருக்காங்க.

அந்தக் காலேஜுக்கு மொத பிரின்சிபாலே அவருதான். ஆரம்பப் பள்ளிக்கூடத்தத் தாண்டாத ஆளு. உக்காந்து பாடத்திட்டத்தப் பாத்தாரு, நாலு வருசம். இதச் சொல்லிக்குடுக்க எதுக்கு நாலு வருசம், ரெண்டு வருசம் தாராளமாப் போதும்னாரு. வெள்ளக்கார கவர்மென்ட் ஒத்துக்கல. ராஜினாமா பண்ணிட்டுப் போயிட்டாரு.

இந்த எடத்துல நானும் அப்பாவும் சண்ட போடுவோம். நான் நாலு வருசம் இன்ஜினியரிங் படிச்சவன். கணக்கும் இயற்பியலும் அவசரத்துல ஏறாதுப்பா, காயில் ஏன் சூடாகுதுன்னு சமன்பாடா எழுதத் தெரிஞ்சாத்தான் அடுத்த மோட்டார டிசைன் பண்ண முடியும்னு சொல்லுவேன். நான் சொல்றதுல தப்பில்லன்னுதான் இன்னும் நெனைக்கறேன். ஆனா மூணாவது வருசம் எலக்ட்ரிகல் மெஷின்ஸ் லேப்ல எங்க பேட்ச்ல பாதிப்பேரு ஒரு மோட்டார தெறந்துகூடப் பாக்காம ரீடிங்க மட்டும் எழுதிட்டு வந்தாங்க. மோட்டார் இரும்புக் கூட்டுக்குள்ள ஓடும், நாங்க மீட்டரப் பாப்போம். அதச் சொன்னப்ப அப்பா என்ன ஒரு பார்வ பாத்தாரு, கோபம்னு சொல்ல முடியாது, சோறு வீணாப் போறதப் பாக்கற மாதிரி. நாயுடு அந்த ரெண்டு வருசத்த எப்படி நடத்திருப்பாருன்னு நான் அப்பப்ப யோசிப்பேன். மொத நாளே ஆளுக்கொரு ஸ்பேனர் குடுத்திருப்பாருன்னு தோணுது.

1974 ஜனவரி 4-ல தவறிட்டாரு, எண்பது வயசு. அப்பா அப்ப சின்னப் பையன். அன்னைக்கு ஊரே பட்டற பட்டறயா நின்னு பேசிட்டு இருந்துச்சு, மொதலாளி போயிட்டாருன்னு அவருக்கு சம்பந்தமே இல்லாத கடைல வேல செஞ்சவங்ககூட சொன்னாங்கன்னு அப்பா சொல்லுவாரு.

போன ஞாயித்துக்கெழம அப்பாவ மொத தடவையா மேம்பாலத்து மேல வண்டில கூட்டிட்டுப் போனேன். ஏறற எடத்துல பேரப் படிச்சாரு, சத்தமா, எழுத்துக்கூட்டற மாதிரி. பாலத்து மேல காத்து நல்லா அடிச்சுச்சு, அவர் என் தோளப் புடிச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் எட்டி எட்டிப் பாத்துட்டு வந்தாரு, மில்லு இருந்த எடம், பட்டற இருந்த எடம், இப்ப துணிக்கடையும் ஆஸ்பத்திரியும் நிக்கற எடம். பாதி வழில, "சாமி, ஹோப்ஸ்ல எறங்கணும், கம்பி வாங்கணும்"னாரு. ஞாயித்துக்கெழம எந்தக் கடைப்பா தொறந்திருக்கும்னேன். தொறந்திருப்பான்னாரு. தொறந்திருந்துச்சு.

கம்பியோட கடைக்கு வந்தப்ப புதுப் பையன் உள்ள இருந்தான், பத்தாவது முடிச்சிட்டு வந்து ரெண்டு மாசம் ஆகுது, லீவுன்னாலும் வந்து உக்காந்திருக்கான். ஒரு அஞ்சு ஹெச்.பி. மோட்டார் பொகஞ்சு வந்திருந்தத கவரக் கழட்டி, நடுவுல சுத்தற ரோட்டர வெளிய எடுத்து சாக்கு மேல வெச்சிட்டு, காயில் இருக்கற ஸ்டேட்டர் மேல குனிஞ்சு ஊசிய வெச்சு ஒவ்வொரு கம்பியா வெலக்கி எண்ணிட்டு இருந்தான். அப்பா செருப்பக் கழட்டிட்டே "எத்தன?"ன்னாரு. "முப்பத்தாறுங்க"ன்னான். அப்பா பக்கத்துல உக்காந்து கண்ணாடியப் போட்டுக்கிட்டு, கருகிப்போயி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிருந்த ரெண்டு கம்பிய நகத்தால பிரிச்சு, ஒண்ணுமே சொல்லாம ஊசிய அவன் கைல திருப்பிக் குடுத்தாரு. அவன் மறுபடியும் மொதல்ல இருந்து எண்ணுனான். முப்பத்தெட்டு. நோட்ட எடுத்து அவன் பக்கமாத் தள்ளிட்டு "நீயே எழுது"ன்னாரு. பதினஞ்சாவது நோட்டுல மொதப் பக்கம், கோணல் மாணலான கையெழுத்துல அது இருக்கு.